பீப் ஒலியை ஒளியாகவும் அதிர்வாகவும் மாற்றுதல்: செவித்திறன் குறைந்தவர்களுக்கான மின்னணுக் கருவிகள், முழுமையான வழிகாட்டி

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரேடியோவும் டேப்ரெக்கார்டரும் பழுதுபார்த்த என் அப்பா, ஒருநாள், மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்துவிட்டு, "பேட்டரி தீர்ந்துடுச்சு போல, சத்தமே வரல" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கு அந்தப் பீப் ஒலி தெளிவாகக் கேட்டது. நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்கும், தெருவில் லாரி போனால் கேட்கும். அந்தக் கீச்சொலி மட்டும் அவருடைய காதிலிருந்து எப்போதோ நழுவிப் போயிருந்தது, அது நழுவியது அவருக்கே தெரியவில்லை.

இதற்குக் காரணம் எளிது. மல்டிமீட்டர், மைக்ரோவேவ் அடுப்பு, வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் என்று வீட்டில் பீப் ஒலி எழுப்பும் கருவிகளில் பெரும்பாலும் பீசோ பசர் என்னும், மின்சாரத்தால் அதிரும் சிறிய தகடு கொண்ட ஒலிப்பான்தான் இருக்கிறது. அது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்ணில்தான் உரக்க ஒலிக்கும். வயதால் வரும் கேள்விக்குறைபாடு உயர் அதிர்வெண்களில் தொடங்கிக் கீழே இறங்கி வருகிறது. இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு 4,000 ஹெர்ட்ஸை ஒட்டியே முதல் பள்ளம் விழுகிறது. ஆக, எச்சரிக்கைக்கென்று வைத்த ஒலியே முதலில் மறைந்து போகிறது. உலகில் 150 கோடிக்கும் அதிகமானோர் ஏதோ ஓர் அளவில் செவித்திறன் குறைந்தவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஓரளவு சால்டரிங் தெரிந்த எவரும் தம் வீட்டில் உள்ள ஒருவருக்காகச் செய்து தரக்கூடிய வேலைகளையே இங்கே விளக்குகிறேன்.

தொடங்கும் முன் மனத்தில் இருத்த வேண்டிய விதி ஒன்று உண்டு: செய்தி ஒலியாக மாறுவதற்கு முன்பே, அது மின்சாரமாக இருக்கும்போதே, அதைப் பிடித்துவிட வேண்டும். அழைப்பு மணியை மைக்கால் கேட்டு விளக்கெரிய வைப்பதைவிட, மணியின் சுவிட்ச்சிலிருந்தே விளக்குக்குச் செய்தி அனுப்புவது பல மடங்கு நம்பகமானது. மைக் என்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும் எடுக்க வேண்டிய பொருள்.

முதலில் கேளுங்கள், பிறகு சோதியுங்கள்

யாருக்காகச் செய்கிறீர்களோ அவரிடம் உட்கார்ந்து, எந்தெந்த ஒலிகளைத் தவறவிடுவதால் அவருக்குத் தொல்லை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாம் அழைப்பு மணி என்று நினைத்திருப்போம். அவருக்கோ குழாயை மூட மறந்து தண்ணீர் வழிவதுதான் பெரிய கவலையாக இருக்கும். காது பரிசோதனை செய்த ஆடியோகிராம் தாள் இருந்தால் அதையும் பாருங்கள். இல்லையென்றால், கைப்பேசியில் ஒலி எழுப்பும் செயலி ஒன்றைக் கொண்டு 500, 1,000, 2,000, 3,000, 4,000 ஹெர்ட்ஸ் ஒலிகளை ஒரே அளவில் ஒலிக்கவிட்டு, எவை கேட்கின்றன என்று குறித்துக்கொள்ளலாம். இது மருத்துவப் பரிசோதனைக்கு ஈடாகாது. நம் வேலைக்கு வழிகாட்டினால் போதும்.

500 ஹெர்ட்ஸ் ஒலி அவருக்கு நன்றாகக் கேட்கிறது என்றால், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ஆர்டுயினோ என்னும், நிரல் எழுதி இயக்கும் சிறு பலகையில் நீங்கள் செய்த கருவியாக இருந்தால், பீசோ பசரை எடுத்துவிட்டு, 5 சென்டிமீட்டர் அகலமுள்ள 8 ஓம் ஸ்பீக்கரை ஒரு டிரான்சிஸ்டர் வழியாக இணைத்து, ஒலியின் அதிர்வெண்ணை 500-க்கு இறக்குங்கள். பீசோவை வைத்துக்கொண்டு அதிர்வெண்ணை மட்டும் மாற்றினால் பயனில்லை. அந்தச் சிறிய தகட்டால் 500 ஹெர்ட்ஸை உரக்க எழுப்ப முடியாது. தீ எச்சரிக்கைக் கருவிகளிலும் இதே பாடம் கற்கப்பட்டது: வழக்கமான 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சொலியைவிட 520 ஹெர்ட்ஸ் சதுர அலை, செவித்திறன் குறைந்தவர்களையும் முதியவர்களையும் உறக்கத்திலிருந்து நன்றாக எழுப்புகிறது என்று ஆய்வுகளில் தெரியவந்த பிறகு, அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பு படுக்கையறைகளுக்கு அந்தத் தாழ்ந்த ஒலியை வலியுறுத்தியது.

அதிரும் கன்டினியூட்டி டெஸ்டர்

இரண்டு புள்ளிகளுக்கு இடையே மின்பாதை அறுபடாமல் இருக்கிறதா என்று சொல்வது கன்டினியூட்டி டெஸ்டர். அப்பாவுக்காக நான் முதலில் செய்தது இதைத்தான்; மின்னணுவியலைப் பொழுதுபோக்காகக் கொண்ட செவித்திறன் குறைந்த எவருக்கும் இதையே முதலில் பரிந்துரைப்பேன். சுற்றுப்பலகையில் இரண்டு புள்ளிகளைத் தொடும்போது கண்கள் முனைகளின் மீதே இருக்க வேண்டும். திரும்பி மீட்டரின் திரையைப் பார்த்தால் முனை வழுக்கிப் பக்கத்தில் உள்ள ஐசியின் கம்பிக்காலைத் தொட்டுவிடும். அந்த இடத்தில்தான் பீப் ஒலி நமக்குக் கைகொடுக்கிறது. ஆகவே, அதற்கு மாற்றாக வருவது கண்ணுக்கு அல்ல, கைக்குச் சேதி சொல்வதாக இருக்க வேண்டும்.

மீட்டரைப் பிரித்து அதன் பசரிலிருந்து கம்பி இழுக்கலாம் என்று தோன்றும். பசருக்கு வருவது மெல்லிய மின்னோட்டமுள்ள சதுர அலை. மோட்டாரைச் சுழற்ற அது போதாது, மீட்டரின் பாதுகாப்பும் கெடும். தனியாகச் செய்வதே நல்லது. தேவையானவை: இரண்டு மின்னழுத்தங்களை ஒப்பிடும் எல்எம்393 கம்பேரேட்டர் ஐசி ஒன்று, பிசி327 டிரான்சிஸ்டர் ஒன்று, கைப்பேசிகளில் இருக்கும் 10 மில்லிமீட்டர் நாணய வடிவ 3 வோல்ட் அதிர்வு மோட்டார், சிவப்பு எல்.இ.டி., 1என்4148 டயோடு, இரண்டு ஏஏ பேட்டரிகள், சுவிட்ச், மற்றும் கீழே சொல்லும் ரெசிஸ்டர்கள்.

இணைக்கும் முறை இது. 3 வோல்ட் நேர்முனையிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சிவப்பு முனைக்கு வாருங்கள். சிவப்பு முனைக்கும் கருப்பு முனைக்கும் நடுவே 100 ஓம் வையுங்கள். கருப்பு முனையைப் பேட்டரியின் எதிர்முனையோடு சேருங்கள். இதனால் முனைகள் திறந்திருக்கும்போது அவற்றுக்கிடையே ஏறத்தாழ 0.27 வோல்ட் மட்டுமே இருக்கும். சிலிக்கான் டயோடு திறக்க 0.6 வோல்ட் வேண்டும் என்பதால், பலகையில் உள்ள டிரான்சிஸ்டரும் ஐசியும் இந்தச் சோதனையில் குறுக்கே வந்து ஏமாற்றாது. சிவப்பு முனையை எல்எம்393-இன் 3-ஆம் காலுக்கு இணையுங்கள். அடுத்து, நேர்முனையிலிருந்து 47 கிலோ ஓம், அதன் மறுமுனையிலிருந்து எதிர்முனைக்கு 1 கிலோ ஓம் என்று வைத்து, இரண்டும் சேரும் புள்ளியை 2-ஆம் காலுக்குக் கொடுங்கள். அங்கே ஏறத்தாழ 0.06 வோல்ட் இருக்கும். 8-ஆம் கால் நேர்முனைக்கு, 4-ஆம் கால் எதிர்முனைக்கு. பயன்படாத 5, 6 ஆகிய கால்களையும் எதிர்முனையோடு சேர்த்துவிடுங்கள். அந்தரத்தில் விட்டால் தேவையற்ற தொல்லை தரும்.

1-ஆம் காலிலிருந்து 680 ஓம் வழியாக பிசி327-இன் பேஸுக்கும், பேஸிலிருந்து நேர்முனைக்கு 10 கிலோ ஓமும் வையுங்கள். எமிட்டர் நேர்முனைக்கு, கலெக்டரிலிருந்து மோட்டார் வழியாக எதிர்முனைக்கு. மோட்டாருக்குக் குறுக்கே டயோடைக் கோடுள்ள பக்கம் கலெக்டரை நோக்கி இருக்குமாறு இணைப்பது கட்டாயம். மோட்டார் நிற்கும்போது எழும் எதிர் மின்னழுத்தத்தை அதுதான் விழுங்குகிறது. எல்.இ.டி.யை 100 ஓமுடன் மோட்டாருக்கு இணையாக வையுங்கள். பேட்டரிக்குக் குறுக்கே 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் தேவை.

இந்த அமைப்பில் முனைகளுக்கு இடையேயான தடை ஏறத்தாழ 27 ஓமுக்குக் கீழே போனால் மோட்டார் அதிரும். ஒப்பிடப்படும் இரண்டு மின்னழுத்தங்களும் ஒரே பேட்டரியிலிருந்து அதே விகிதத்தில் பிரிக்கப்படுவதால், பேட்டரி இறங்கினாலும் இந்த எல்லை நகராது. 10 ஓம் ரெசிஸ்டரைத் தொட்டால் அதிர வேண்டும், 47 ஓமைத் தொட்டால் அதிரக் கூடாது. இரண்டையும் சோதித்துவிட்டுப் பெட்டியை மூடுங்கள். மின்சாரம் பாயும் பலகையில் இதை ஒருபோதும் தொடக் கூடாது.

மோட்டாரை எங்கே ஒட்டுவது என்பதில் நான் முதலில் தவறினேன். பெட்டிக்குள் ஒட்டியதால் மேசை முழுவதும் அதிர்ந்ததே தவிர, அப்பாவின் கைக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு சிவப்பு முனையின் கைப்பிடியில், ஆள்காட்டி விரல் படியும் இடத்தில் மோட்டாரைப் பதித்து, மெல்லிய கம்பியை முனையின் ஒயரோடு சேர்த்து ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடினேன். அவர் ஒரு பழைய பலகையின் தரைத்தடத்தைத் தொட்டார், விரலைப் பார்த்தார், மறுபடி தொட்டார். அன்று மாலை வரை அதைக் கீழே வைக்கவில்லை.

தோலுக்கும் கண்ணுக்கும் ஏற்ற அளவுகள்

விரல் நுனி 250 ஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வை மிக நுட்பமாக உணரும். நாணய மோட்டார்கள் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுகளுக்கு மேல் சுழன்று 170 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை அதிர்வதால் இந்த வேலைக்கு நன்றாகவே பொருந்துகின்றன. ஆனால் விடாமல் அதிர்ந்தால் தோல் பழகி மரத்துவிடும். விட்டுவிட்டு அதிர வேண்டும். மோட்டார் வேகம் பிடிக்கவே சுமார் 100 மில்லி நொடி ஆகும் என்பதால், ஒவ்வொரு துடிப்பும் குறைந்தது 300 மில்லி நொடியாவது நீடிக்கட்டும்.

ஒளியைப் பொறுத்தவரை, நொடிக்கு ஒருமுறை மின்னினால் போதும். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் ஒளி, ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம். விளக்கை நேராகக் கண்ணில் அடிக்குமாறு வைக்காமல், சுவரில் பட்டுச் சிதறுமாறு திருப்பி வையுங்கள். அறையின் வெளிச்சமே மாறும்போது, முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவருக்கும் அது தெரியும். செய்திகளை நிறத்தால் மட்டும் பிரிக்காமல் துடிப்பின் தாளத்தாலும் பிரியுங்கள். சிவப்பும் பச்சையும் வேறுபடுத்தத் தெரியாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். வாசல் மணிக்கு இரண்டு நீண்ட துடிப்பு, குக்கருக்கு மூன்று குறுந்துடிப்பு என்று வைத்தால் ஒரே வாரத்தில் பழகிவிடும். நான்கு வகைக்கு மேல் போக வேண்டாம்.

வாசல் மணி

நம் வீடுகளில் உள்ள டிங்-டாங் மணிகள் பெரும்பாலும் நேரடியாக 230 வோல்ட்டில் ஓடுபவை. இந்த ஒரு பகுதியை மட்டும், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துக்கொண்டு, மெயினை அணைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

230 வோல்ட் ஏசி சுருள் கொண்ட சிறிய ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றை மணிக்கு இணையாகப் பொருத்தச் சொல்லுங்கள். சுவிட்ச்சை அழுத்தும்போது மணியும் ஒலிக்கும், ரிலேயும் இழுக்கும். ரிலேயின் தொடுமுனைகள் மின்வலையிலிருந்து முற்றிலும் பிரிந்தவை என்பதால், அவற்றை வயர்லெஸ் வசதியுள்ள நிரல்பலகையான இஎஸ்பி32-இன் ஒரு பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே அச்சமின்றி இணைக்கலாம். அந்தப் பின்னில் உள்ளமைந்த புல்-அப்பை (பின்னை நேர்முனைப் பக்கம் இழுத்துவைக்கும் ரெசிஸ்டரை) இயக்கி, 30 மில்லி நொடி நிலைத்திருந்தால் மட்டும் அழுத்தமாகக் கொள்ளுங்கள். பெட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். 230 வோல்ட் கம்பிகளுக்கும் 3.3 வோல்ட் கம்பிகளுக்கும் இடையே தடுப்பும் குறைந்தது 8 மில்லிமீட்டர் இடைவெளியும் இருக்கட்டும்.

ரிலேக்குப் பதிலாகக் கைப்பேசி சார்ஜர் ஒன்றை மணிக்கு இணையாக வைத்து அதன் 5 வோல்ட்டையே செய்தியாக எடுக்கும் வழியும் உண்டு. நானும் செய்து பார்த்தேன். இரண்டு குறைகள் தெரிந்தன. சில சார்ஜர்கள் விழித்தெழவே அரை நொடிக்கு மேல் எடுப்பதால், தபால்காரர் சட்டென்று அழுத்திவிட்டுக் கை எடுத்தால் செய்தி போகாது. மேலும், மணி சுவிட்ச்சில் இருட்டில் தெரிவதற்காக நியான் விளக்கு இருந்தால், அதன் வழியே கசியும் சிறு மின்னோட்டம் சார்ஜரின் கெப்பாசிட்டரை மெல்ல நிரப்பி, நள்ளிரவில் யாரும் வராமலே விளக்கை மின்ன வைக்கும். மின்வேலையே வேண்டாம் என்பவர்கள், மணி சுவிட்ச்சுக்குப் பக்கத்தில் பேட்டரியில் ஓடும் தனி பொத்தான் ஒன்றை வைத்து, "இதையும் அழுத்தவும்" என்று எழுதி ஒட்டலாம். வாடகை வீட்டுக்கு அதுவே ஏற்றது.

செய்தியை அறைகளுக்குக் கொண்டுசெல்ல, இஎஸ்பி32 பலகைகள் தமக்குள் பேசிக்கொள்ளும் இஎஸ்பி-நவ் முறையைப் பயன்படுத்துங்கள். அதற்கு ரவுட்டரோ இணையமோ தேவையில்லை. ஒரு செய்தியில் 250 பைட்டாவது அனுப்பலாம், நமக்குச் சில பைட்டுகளே போதும். எல்லாப் பலகைகளும் ஒரே சேனலில் இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஒரு பலகையை மட்டும் வைஃபையிலும் சேர்த்தால் அது ரவுட்டரின் சேனலுக்கு மாறிவிடும், மற்றவை அதைக் கேட்காமல் போய்விடும்.

பெறும் பக்கத்தில், மோட்டாரையோ எல்.இ.டி. பட்டையையோ பலகையின் பின்னிலிருந்து நேரடியாக ஓட்டாதீர்கள், பலகை கெடும். 12 வோல்ட் எல்.இ.டி. பட்டைக்கு 3.3 வோல்ட்டிலேயே திறக்கும் ஐஆர்எல்இசட்44என் போன்ற மாஸ்ஃபெட் (சுவிட்ச்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் ஐஆர்எஃப்540 இந்த மின்னழுத்தத்தில் முழுதாகத் திறக்காமல் சூடேறும்.

குக்கர் விசில்

இங்கேதான் வேறு வழியில்லாமல் மைக்கிடம் போகிறோம், ஏனென்றால் குக்கரில் பிடித்து இழுக்கக் கம்பி எதுவும் இல்லை. இதே நிலையில்தான் 1964-இல் ராபர்ட் வைட்பிரெக்ட் இருந்தார். காது கேளாத இயற்பியலாளரான அவர் அமெச்சூர் ரேடியோ ஆர்வலரும்கூட. தொலைபேசிக் கம்பியில் வெளிக்கருவியை நேரடியாக இணைக்க அன்றைய அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் விடாததால், தட்டச்சுச் செய்தியை ஒலியாக மாற்றித் தொலைபேசிக் கைப்பிடிக்குள் ஊதும் மோடத்தை உருவாக்கினார். காது கேளாதோர் தொலைபேசியில் எழுத்தால் உரையாடும் வழி அதனால் திறந்தது.

நாற்பது ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் சவுண்ட் சென்சார் இந்த வேலைக்கு உதவாது. அது ஒலியின் உரப்பை மட்டுமே பார்க்கும். மிக்ஸி ஓடினாலும் தட்டு விழுந்தாலும் விசில் என்றே சொல்லும். ஐஎன்எம்பி441 டிஜிட்டல் மைக்கை இஎஸ்பி32-உடன் இணையுங்கள். அதற்கு 3.3 வோல்ட்டே கொடுக்க வேண்டும், கம்பிகள் 10 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். நொடிக்கு 16,000 மாதிரிகள் எடுத்து, 512 மாதிரிகளை ஒரு தொகுதியாக்கி எஃப்எஃப்டி (ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) செய்தால், ஒவ்வொரு தொகுதியும் 32 மில்லி நொடி நீளமும் 31.25 ஹெர்ட்ஸ் நுணுக்கமும் கொண்டதாக அமையும்.

முதலில் உங்கள் வீட்டுக் குக்கரின் விசிலைக் கைப்பேசியில் உள்ள ஸ்பெக்ட்ரம் செயலியில் பார்த்து, அது எந்த அலைவரிசையில் ஓங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குக்கருக்கும் இது மாறும், வெயிட்டை மாற்றினாலும் மாறும். அந்தப் பட்டையில் உள்ள ஆற்றலை மொத்த ஆற்றலோடு ஒப்பிட்டு, விகிதம் உங்கள் எல்லையைத் தாண்டுகிறதா என்று ஒவ்வொரு தொகுதியிலும் பாருங்கள். கடைசி 30 தொகுதிகளில் 25-இல் தாண்டியிருந்தால், அதாவது ஏறத்தாழ ஒரு நொடி நீடித்திருந்தால், ஒரு விசில் என்று எண்ணிவிட்டு, அடுத்த ஐந்து நொடிக்குக் காதை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லையெனில் ஒரே நீண்ட விசில் மூன்றாகக் கணக்கில் ஏறும். மிக்ஸி, புகைபோக்கி விசிறி, குழாய், கடுகு தாளிக்கும் ஓசை ஆகியவற்றையும் பதிவு செய்து, இவற்றுக்கெல்லாம் கருவி அமைதியாக இருக்கிறதா என்று சோதித்த பிறகே எல்லையை முடிவு செய்யுங்கள்.

எத்தனையாவது விசில் என்பதைச் சிறிய திரையில் பெரிய எண்ணாகக் காட்டுங்கள். சோற்றுக்கு மூன்று, பருப்புக்கு ஐந்து என்று சமைப்பவருக்கு எண்ணிக்கைதான் முக்கியம். மைக்கை அடுப்புக்கு மேலே வைக்க வேண்டாம், ஆவி சில நாளிலேயே அதைக் கெடுத்துவிடும். ஒரு மீட்டர் தள்ளி, மெல்லிய துணி மூடி வையுங்கள்.

மணிக்கட்டில் கட்டுவது பற்றி

எல்லோரும் முதலில் கேட்பது கைப்பட்டைதான். ஆனால் செய்திக்காகக் காத்திருக்கும் இஎஸ்பி32 உறங்க முடியாது. ரேடியோ விழித்திருக்கும்போது 80 முதல் 100 மில்லி ஆம்பியர் வரை குடிக்கும். 400 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி நான்கைந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே முதலில் அறைக்கு ஒரு சுவர் விளக்கு, தலையணைக்கு அடியில் வீடியோ கேம் கைப்பிடிகளில் இருக்கும் பெரிய அதிர்வு மோட்டார் ஒன்று என்று, பிளக்கில் ஓடும் கருவிகளையே செய்யுங்கள். நாணய மோட்டாரின் அதிர்வைத் தலையணைப் பஞ்சு விழுங்கிவிடும். கைப்பட்டை செய்தே தீருவது என்றால், டிபி4056 சார்ஜிங் பலகையில் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அதன்படி 1 ஆம்பியர் பாய்வது சிறிய லித்தியம் பேட்டரிக்கு ஆபத்து. 5 கிலோ ஓமாக மாற்றினால் ஏறத்தாழ 250 மில்லி ஆம்பியராகக் குறையும்.

செய்யக் கூடாத இரண்டு

எல்எம்386 என்னும் ஒலிபெருக்கும் ஐசியைக் கொண்டு காதில் மாட்டும் ஒலிபெருக்கி செய்யும் சுற்றுகள் பரவலாகக் கிடைக்கின்றன. அவற்றைச் செய்து எவருக்கும் மாட்டிவிடாதீர்கள். எஞ்சியிருக்கும் கேள்வித்திறனைக் கட்டற்ற உரத்த ஒலி நிரந்தரமாக அழித்துவிடும். எந்த அதிர்வெண்ணை எவ்வளவு உயர்த்துவது, எங்கே நிறுத்துவது என்பது செவித்திறன் வல்லுநரான ஆடியாலஜிஸ்ட் அளந்து முடிவு செய்ய வேண்டியது. தீ எச்சரிக்கைக்கும் கையால் செய்த கருவியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. ஒளியும் படுக்கை அதிர்வும் உள்ள தரச்சான்று பெற்ற கருவியையே வாங்குங்கள்.

மௌனத்தைக் கண்காணித்தல்

காது கேட்பவருக்கு மணி பழுதானால் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள், தெரிந்துவிடும். கேளாதவருக்குக் கருவி செத்துப்போவதும் யாரும் வராததும் ஒன்றுபோலவே இருக்கும். வாசலில் உள்ள பலகையின் மின் இணைப்பு கழன்றுகிடந்த இரண்டு நாளில் எங்கள் வீட்டுக்கு வந்த கூரியர் திரும்பிப் போனது. அப்பா இரண்டு நாளும் விளக்கையே பார்த்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு இதைச் சேர்த்தேன்: ஒவ்வோர் அனுப்பும் பலகையும் நிமிடத்துக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்ற செய்தியை அனுப்பும், மூன்று நிமிடம் வராவிட்டால் பெறும் பெட்டியில் உள்ள சிறிய ஆரஞ்சு விளக்கு எரியும். இருபது வரி நிரல்தான். முதல் நாளே சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக, பயன்படுத்துபவர் வேறு வேலையில் மூழ்கியிருக்கும்போது, அவரிடம் சொல்லாமல், ஒரு வாரத்தில் இருபது முறை மணியை அழுத்தி, எத்தனை முறை கவனித்தார் என்று குறியுங்கள். தவறியவை எல்லாம் ஒரே அறையில் நடந்திருந்தால் விளக்கின் இடத்தை மாற்றுங்கள். எல்லா இடத்திலும் தவறினால் தாளத்தை மாற்றுங்கள். தாளத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும். முடிவான சுற்றுப்படத்தை ஒரு தாளில் வரைந்து பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டுப் பெட்டிகளில் இருப்பவை அப்பா தம் கையால் வரைந்தவை, ஒவ்வொரு ரெசிஸ்டரின் பக்கத்திலும் அதன் மதிப்போடு, மாற்றிய தேதியோடு.